இராதா கோவிந்த சந்திரா

இராதா கோவிந்த சந்திரா (ஜூலை 16, 1878 – ஏப்ரல் 3, 1975) வங்காளத்தைச் சேர்ந்த தொழில்சாரா வானியலாளர் ஆவார். பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோல்வியுற்ற இவர், ஜெசூர் நகரக் கருவூலத்தில் ஊழியராகப் பணியாற்றிக்கொண்டே, தம் ஊரிலிருந்து ஒரு சிறு தொலைநோக்கியின் துணையால் மாறும் விண்மீன்களை நோக்கிவந்தார். 1919 முதல் 1954 வரை இவர் பதிவு செய்த விண்மீன் ஒளி அளவீடுகள் 37,000-க்கும் மேற்பட்டவை. அவற்றை அமெரிக்காவில் அமைந்த மாறும் விண்மீன் நோக்குநர்களின் அமெரிக்கச் சங்கத்திற்கு அனுப்பிவந்தார். அச்சங்கம் 1926-ஆம் ஆண்டில் இவருக்கு வழங்கிய ஆறு அங்குலத் தொலைநோக்கி, பின்னாளில் வைணு பாப்பு வழியாகத் தமிழ்நாட்டின் காவலூர் வான் ஆய்வகத்தை வந்தடைந்தது.

== பிறப்பும் கல்வியும் ==

இராதா கோவிந்த சந்திரா அன்றைய வங்காள மாகாணத்தின் ஜெசூர் மாவட்டத்தில் உள்ள பாக்சர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று வங்காளதேசத்தில் உள்ளது. ஜெசூர் மாவட்டப் பள்ளியில் இவர் கல்வி பயின்றார்.

பள்ளியில் படிக்கும்போது, வங்காள எழுத்தாளர் அட்சய குமார் தத்தர் எழுதிய சாருபாத் என்னும் பாடநூலில் அண்டத்தின் பேரளவு பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தார். விண்மீன்கள் மீது இவருக்கு ஆர்வம் பிறக்க அக்கட்டுரையே காரணமாயிற்று. எனினும் பள்ளிப் படிப்பில் இவரால் சிறக்க இயலவில்லை. கல்லூரியில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வை மூன்று முறை எழுதியும் தேர்ச்சி பெறவில்லை. அத்துடன் இவரது முறைசார் கல்வி முடிவுற்றது. வானியலைப் பல்கலைக்கழகத்தில் கற்கும் வாய்ப்பு இவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

== கருவூலப் பணி ==

பின்னர் இவர் ஜெசூர் மாவட்டக் கருவூலத்தில் மாதம் 15 ரூபாய் ஊதியத்தில் பணியில் சேர்ந்தார். காசுகளைச் சோதித்து எண்ணிச் சரிபார்ப்பது இவரது வேலையாக இருந்தது. பணி ஓய்வு வரை கருவூலத் துறையிலேயே நீடித்தார். பகலில் அலுவலகம், இரவில் வான்நோக்கல் என்பதே பல பத்தாண்டுகள் இவரது வாழ்க்கை முறையாக இருந்தது.

ஜெசூரில் வழக்குரைஞராக இருந்த காளிநாத் முகர்ஜி வானியலில் ஈடுபாடு கொண்டவர். விண்மீன் வரைபடங்களைத் தொகுத்து வந்தவர். இவருடன் ஏற்பட்ட பழக்கத்தால் சந்திரா விண்மீன் குழாம்களையும் அவற்றிலுள்ள விண்மீன்களையும் வரைபடத்தின் துணையுடன் இனங்காணக் கற்றுக்கொண்டார்.

== ஹாலியின் வால்வெள்ளி ==

1910-ஆம் ஆண்டில் ஹாலியின் வால்வெள்ளி கதிரவனுக்கு அருகில் வந்தது. சந்திரா அதனைச் சிறிய இருகண் நோக்கி ஒன்றின் வழியாகத் தொடர்ந்து பார்த்து, கண்டவற்றைக் குறித்து வைத்தார். இந்நோக்கல்களைப் பற்றி வங்காள மொழியில் கட்டுரையும் எழுதினார். சாந்திநிகேதனில் ஆசிரியராக இருந்தவரும் வங்காளத்தில் அறிவியல் நூல்கள் பல எழுதியவருமான ஜகதானந்த ராய், இவரது ஆர்வத்தைக் கண்டு ஒரு தொலைநோக்கி வாங்குமாறு அறிவுறுத்தினார்.

== மூன்று அங்குலத் தொலைநோக்கி ==

1912-ஆம் ஆண்டில் சந்திரா இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குல விட்டமுள்ள ஒளிவிலகல் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு இது பெருஞ்செலவாகும்.

மூன்று அங்குலம் என்பது ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். இருளில் முழுமையாக விரிந்த கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். திரட்டப்படும் ஒளி விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே இத்தொலைநோக்கி வெறுங்கண்ணைக் காட்டிலும் நூறு மடங்குக்குச் சற்று மிகுதியான ஒளியைத் திரட்டவல்லது. நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்கள், சனியின் வளையங்கள் ஆகியவற்றை இதில் தெளிவாகக் காணலாம். யாழ் விண்மீன் குழாமில் உள்ள வளைய நெபுலாவையும் இத்தகைய கருவியில் ஒரு சிறு மங்கலான வட்டமாகக் காண இயலும்.

== 1918-ஆம் ஆண்டின் நோவா ==

1918 ஜூன் மாதத்தில் கழுகு விண்மீன் குழாமில், அதாவது திருவோண விண்மீன் அமைந்துள்ள வான்பகுதியில், அதற்கு முன் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று தோன்றியது. சில நாட்களில் அது வானின் மிக ஒளிமிக்க விண்மீன்களுடன் ஒப்பிடத்தக்கதாயிற்று. 1604-ஆம் ஆண்டில் கெப்லர் கண்ட மீயொளிர் விண்மீனுக்குப் பிறகு வானில் இத்துணை ஒளியுடன் புதிய விண்மீன் எதுவும் தோன்றியதில்லை. இப்போது இது வி603 அக்குயிலே என்று வழங்கப்படுகிறது.

உலகின் பல பகுதிகளில் இருந்தோர் இந்நோவாவை ஒருவரையொருவர் அறியாமல் தாமாகவே கண்டுபிடித்தனர். அவர்களுள் சந்திராவும் ஒருவர். விண்மீன் குழாம்களின் வடிவங்களை மனப்பாடமாக அறிந்திருந்ததால், பழகிய இடத்தில் ஒரு விண்மீன் கூடுதலாக இருப்பதை இவரால் உடனே உணர முடிந்தது. அது மங்கி வருவதைத் தொடர்ந்து நோக்கிக் குறிப்புகள் எடுத்தார்.

இந்நோக்கல்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரி வான் ஆய்வகத்தின் கவனத்திற்குச் சென்றன. அப்போது அதன் இயக்குநராக எட்வர்டு பிக்கரிங் இருந்தார். அதன் தொடர்ச்சியாகச் சந்திரா மாறும் விண்மீன் நோக்குநர்களின் அமெரிக்கச் சங்கத்தில் உறுப்பினரானார். இச்சங்கம் 1911-ஆம் ஆண்டில் வில்லியம் டைலர் ஆல்காட் என்னும் வழக்குரைஞரால் தொடங்கப்பட்டதாகும். தொழில்சாரா வானியலாளர்களிடமிருந்து ஒளி அளவீடுகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்கு வழங்குவதே அதன் நோக்கம். சங்கத்தின் தொடக்ககால வெளிநாட்டு உறுப்பினர்களுள் சந்திராவும் ஒருவராவார்.

== மாறும் விண்மீன் நோக்கல் ==

=== பின்னணி ===

ஒளி கூடியும் குறைந்தும் காணப்படும் விண்மீன்கள் மாறும் விண்மீன்கள் எனப்படுகின்றன. இத்துறையில் சென்னைக்கும் இடமுண்டு. விண்மீன்களின் ஒளியை அளக்க இன்று பயன்படும் அளவுகோலை 1856-ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் நார்மன் பாக்சன். இவர் 1861 முதல் 1891-இல் இறக்கும் வரை சென்னை வான் ஆய்வகத்தின் தலைவராக இருந்தார். இவரது அளவுகோலின்படி, ஒளிப்பொலிவெண்ணில் ஐந்து அலகு வேறுபாடு என்பது ஒளியில் நூறு மடங்கு வேறுபாடாகும். எண் கூடக்கூட விண்மீன் மங்கலாகும். பாக்சன் 1863-இல் சென்னையிலிருந்து யூ ஸ்கார்ப்பியை என்னும் நோவாவைக் கண்டுபிடித்தார். அவரது உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகியூலை என்னும் மாறும் விண்மீனைக் கண்டறிந்தார்.

பாக்சனும் இரகுநாதாச்சாரியும் அரசு ஆய்வகத்தின் கருவிகளைக் கொண்டு பணியாற்றியவர்கள். சந்திராவுக்கு அத்தகைய நிறுவனம் எதுவும் பின்னணியில் இல்லை.

=== நோக்கும் முறை ===

சந்திரா கையாண்ட முறைக்கு ஒளிப்படக் கருவியோ மின்கருவியோ தேவையில்லை. சங்கம் ஒவ்வொரு மாறும் விண்மீனுக்கும் ஒரு வரைபடத்தை அனுப்பும். அதில் மாறும் விண்மீனும் அதனைச் சூழ்ந்துள்ள ஒளி மாறாத விண்மீன்களும் குறிக்கப்பட்டிருக்கும். ஒப்பீட்டு விண்மீன்களின் ஒளிப்பொலிவெண்கள் அருகில் எழுதப்பட்டிருக்கும். எண்ணின் நடுவில் வரும் புள்ளியை விண்மீன் என்று தவறாகக் கொள்ளக்கூடும் என்பதால் தசமப்புள்ளி விடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 84 என்று எழுதியிருந்தால் 8.4 என்று பொருள்.

நோக்குபவர் முதலில் கண்ணை இருளுக்குப் பழக்க வேண்டும். இதற்கு இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். பின்னர் தொலைநோக்கியில் அந்த வான்பகுதியைக் கண்டுபிடித்து, மாறும் விண்மீனைவிடச் சற்று ஒளிமிக்க ஒரு விண்மீனையும் சற்று மங்கலான ஒரு விண்மீனையும் தேர்ந்து, இரண்டிற்கும் இடையில் அது எங்கு அமைகிறது என்று மதிப்பிட வேண்டும். 8.4-க்கும் 9.0-க்கும் சரியாக நடுவில் இருந்தால் 8.7 என்று பதிவாகும். உடன் நாளையும் நேரத்தையும் எழுத வேண்டும். மாத இறுதியில் எல்லாப் பதிவுகளையும் பட்டியலிட்டு அஞ்சலில் அனுப்ப வேண்டும்.

பயிற்சி பெற்ற கண் இம்முறையில் 0.1 முதல் 0.2 அலகு வரை துல்லியமாக மதிப்பிடும். தனியொரு மதிப்பீட்டில் பிழை இருக்கலாம். ஆயினும் பல நோக்குநர்களின் மதிப்பீடுகளை ஆண்டுக்கணக்கில் ஒன்றுசேர்க்கும்போது விண்மீனின் ஒளி மாற்றம் தெளிவான வளைகோடாக வெளிப்படுகிறது. முன்முடிவு இன்றிக் கண்டதை மட்டும் எழுதுவதே இப்பணியின் அடிப்படை ஒழுங்காகும். கடந்த வாரத்து எண்ணை நினைவில் கொண்டு மதிப்பிட்டால் பதிவு பயனற்றதாகிவிடும்.

முப்பத்தைந்து ஆண்டுகளில் 37,000 பதிவுகள் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பதிவுகள் ஆகும். வங்காளத்தில் பருவமழை ஆண்டின் பல மாதங்களுக்கு வானை மறைத்துவிடும் என்பதைக் கருத்தில் கொண்டால், தெளிவான இரவுகளில் இவரது உழைப்பு எத்தகையது என்பது விளங்கும்.

=== இந்தியாவிலிருந்து நோக்குவதன் பயன் ===

ஜெசூருக்கும் ஹார்வர்டு ஆய்வகம் அமைந்துள்ள கேம்பிரிட்ச் நகருக்கும் இடையே நிலநிரைக்கோட்டில் ஏறத்தாழ 160 பாகை வேறுபாடு உண்டு. அங்கே பகலாக இருக்கும்போது இங்கே இரவு. திடீரென ஒளிரும் விண்மீன்களைப் பொறுத்தவரை சில மணி நேர இடைவெளிகூட முதன்மையானது. அமெரிக்க, ஐரோப்பிய நோக்குநர்களின் பதிவுகளில் விழும் இடைவெளியை ஆசியாவிலிருந்து வரும் பதிவுகளால் நிரப்ப முடியும். மேலும் ஜெசூர் ஏறத்தாழ 23 பாகை வட அகலாங்கில் உள்ளது. எனவே கேம்பிரிட்ச் நகரில் அடிவானத்திற்குக் கீழேயே இருந்துவிடும் தென்வான விண்மீன்கள் பலவற்றை இங்கிருந்து காணலாம். அக்காலத்தில் இப்பகுதியிலிருந்து தொடர்ந்து நோக்கியவர்கள் மிகச் சிலரே.

== ஆறு அங்குலத் தொலைநோக்கி ==

மூன்று அங்குலக் கருவியைக் கொண்டு இவர் அனுப்பிவந்த பதிவுகளின் தரத்தைக் கண்ட சங்கம், பெரிய கருவி ஒன்று இவருக்குத் தேவை எனக் கருதியது. சங்கத்தின் உறுப்பினரான சார்லசு எல்மருக்கு உரியதாயிருந்த ஆறேகால் அங்குல ஒளிவிலகல் தொலைநோக்கி 1926-ஆம் ஆண்டில் கடல் வழியாக வங்காளத்திற்கு அனுப்பப்பட்டது. இக்கருவி பழையதைவிட நான்கு மடங்குக்கும் மேற்பட்ட ஒளியைத் திரட்டும். அதாவது, ஏறத்தாழ ஒன்றரை அலகு மங்கலான விண்மீன்களையும் இனி இவரால் பின்தொடர முடிந்தது. நீண்டகால மாறும் விண்மீன்கள் பல தம் ஒளி குன்றிய நிலையில் சிறிய தொலைநோக்கிகளுக்கு எட்டாமல் மறைந்துவிடும். ஒளி குன்றிய பகுதியின் பதிவுகளே அரிதாகக் கிடைப்பவை என்பதால் இக்கருவியின் வரவு பயனுள்ளதாக அமைந்தது.

எல்மர் 1937-இல் ரிச்சர்டு பெர்க்கினுடன் இணைந்து பெர்க்கின்-எல்மர் என்னும் ஒளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் முதன்மை ஆடியைப் பின்னாளில் செய்தளித்த நிறுவனம் இதுவேயாகும்.

== சிறப்புகளும் எழுத்துகளும் ==

சந்திரா தம் பதிவுகளை அமெரிக்கச் சங்கத்திற்கு மட்டுமன்றி, பிரித்தானிய வானியல் கழகத்திற்கும் பிரான்சின் லியோன் நகரில் இயங்கிய நோக்குநர் அமைப்பிற்கும் அனுப்பினார். 1928-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு கல்வி, அறிவியல் பணிகளுக்கென வழங்கும் சிறப்புப் பட்டத்தை இவருக்கு அளித்தது.

வங்காள மொழியில் வானியல் கட்டுரைகள் பல எழுதினார். வால்வெள்ளிகளைப் பற்றிய தூமகேது என்னும் நூல் இவரது எழுத்துகளுள் குறிப்பிடத்தக்கது. பள்ளிப் பாடநூலில் படித்த ஒரு கட்டுரையால் வானியலுக்கு வந்தவர் என்பதால், பொதுமக்களுக்குத் தாய்மொழியில் அறிவியலை எழுதுவதில் இவர் ஈடுபாடு காட்டியது இயல்பானதே.

== பிரிவினைக்குப் பின் ==

1947-ஆம் ஆண்டில் வங்காளம் பிரிக்கப்பட்டபோது ஜெசூர் கிழக்குப் பாகிஸ்தானில் சேர்ந்தது. அறுபது வயதைக் கடந்திருந்த சந்திரா பிறந்த ஊரை விட்டு இந்தியாவிற்கு இடம்பெயர்ந்து, கொல்கத்தாவிற்கு அருகிலுள்ள பாராசாத் நகரில் குடியேறினார். தொலைநோக்கியும் அவருடன் வந்தது. அங்கும் நோக்கல் பணியைத் தொடர்ந்தார். 1954-ஆம் ஆண்டளவில், முதுமையின் காரணமாக முறையான நோக்கலை நிறுத்திக்கொண்டார். 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், தமது 96-ஆம் வயதில் பாராசாத்தில் காலமானார்.

== நோக்கல்களின் அறிவியல் பயன் ==

சந்திரா பணியாற்றிய காலத்தில் அமெரிக்கச் சங்கத்தின் பட்டியலில் பெரும்பான்மையாக இருந்தவை நீண்டகால மாறும் விண்மீன்கள் ஆகும். சீட்டசு விண்மீன் குழாமில் உள்ள மிரா இவ்வகைக்கு எடுத்துக்காட்டு. மிராவின் ஒளி ஏறத்தாழ 332 நாட்களுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. இவ்வகை விண்மீன்கள் ஏன் இவ்வாறு மாறுகின்றன என்பது சந்திரா நோக்கத் தொடங்கியபோது அறியப்படவில்லை. இவை தம் வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் உள்ள செம்பெருமீன்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. கதிரவனைப் போன்ற விண்மீன் ஒன்று உள்ளகத்து ஐதரசனை எரித்து முடித்தபின் பெரிதாக ஊதிச் சிவந்து, விரிந்து சுருங்கித் துடிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு துடிப்பும் அதன் புறப்படலத்தின் வளிமத்தைச் சிறிது சிறிதாக வெளியே தள்ளுகிறது.

இவ்வாறு வெளியேறிய வளிமம் முடிவில் விண்மீனைச் சூழ்ந்த கூடாகிறது. உள்ளே வெளிப்படும் வெப்பமிக்க கருவின் புறஊதாக் கதிர்கள் அதனை ஒளிரச் செய்கின்றன. இதுவே கோள் நெபுலா எனப்படுகிறது. சிறிய தொலைநோக்கியில் கோள்களின் வட்டத்தைப் போலத் தெரிவதால் 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் எர்செல் இப்பெயரை இட்டார். கோள்களுடன் இதற்கு எத்தொடர்பும் இல்லை. 1779-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட வளைய நெபுலா இவ்வகையினது. கோள் நெபுலா சில பத்தாயிரம் ஆண்டுகளில் விரிந்து கலைந்துவிடும். நடுவில் எஞ்சும் கரு வெண் குறுமீனாகக் குளிர்ந்துகொண்டிருக்கும். மிரா வகை விண்மீன்களைத் தொடர்ந்து நோக்குவோர், நாளைய கோள் நெபுலாக்களின் முந்தைய கட்டத்தையே நோக்குகின்றனர் எனலாம்.

இம்மாற்றத்தின் வேகத்தை அறிய ஒரு மனித வாழ்நாளுக்கும் மேற்பட்ட பதிவுகள் தேவை. ஐதரா விண்மீன் குழாமில் உள்ள ஆர் ஐதரே என்னும் விண்மீனின் மாறுகாலம் 1700-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 495 நாட்களாக இருந்து, 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 385 நாட்களாகக் குறைந்தது. விண்மீனின் உள்ளே ஈலிய அடுக்கு அவ்வப்போது திடீரெனப் பற்றி எரிவதே இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எந்த ஓர் ஆய்வகமும் தனியாக இத்தகைய நெடுங்காலப் பதிவைத் திரட்டியதில்லை. பல தலைமுறைகளைச் சேர்ந்த நோக்குநர்களின் பட்டியல்களை இணைத்தே இது பெறப்படுகிறது.

1918-ஆம் ஆண்டின் நோவாவும் இவ்வரலாற்றுடன் தொடர்புடையது. வெண் குறுமீன் ஒன்று தன் துணை விண்மீனிலிருந்து இழுத்துக்கொண்ட வளிமம் அதன் மேற்பரப்பில் வெடித்தெரிந்ததால் அது தோன்றியது. சில மாதங்களுக்குள் அந்நோவாவைச் சுற்றி விரியும் வளிமக் கூட்டைப் பெரிய தொலைநோக்கிகளில் சிறு வட்டமாகக் காண முடிந்தது. அதன் நிறமாலையும் கோள் நெபுலாவின் நிறமாலையை ஒத்திருந்தது. ஆயினும் நோவாவின் கூடு கோள் நெபுலா அன்று. அது மிகக் குறைந்த நிறையுடையது, மிக விரைவாக விரிவது.

இன்று தொழில்சாரா வானியலாளர்கள் சந்திராவினுடையதை ஒத்த அளவுள்ள தொலைநோக்கிகளில் எண்முறை ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி, விண்மீன்களின் ஒளியை நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாக அளக்கின்றனர். மங்கலான ஒளியில் நிறங்களை உணர இயலாத கண்ணுக்குச் சாம்பல் வட்டமாகத் தெரியும் கோள் நெபுலாக்களை வண்ணத்தில் படம்பிடிக்கின்றனர். எனினும் அவர்களது அளவீடுகளும் சந்திராவின் கைப்பட எழுதிய பதிவுகளும் ஒரே தரவுத்தளத்தில் சேர்கின்றன. கோடிக்கணக்கான பதிவுகளைக் கொண்ட அத்தளத்தை ஆய்வாளர்கள் தொடர்ந்து பயன்படுத்தி வருகின்றனர்.

== தொலைநோக்கியின் பிற்கால வரலாறு ==

ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி சந்திராவுக்கு நோக்கல் பணிக்கெனக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் நோக்கலை நிறுத்தியபின் அது வேறொருவருக்குப் பயன்படவேண்டும் என்று சங்கம் விரும்பியது. அதன்படி அது வைணு பாப்புவிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னையில் பிறந்த வைணு பாப்பு (1927–1982) மாணவப் பருவத்திலேயே மாறும் விண்மீன்களை நோக்கிக் கட்டுரைகள் வெளியிட்டவர். 1949-இல் ஹார்வர்டில் படிக்கும்போது வால்வெள்ளி ஒன்றின் கண்டுபிடிப்பில் பங்கு கொண்டவர். அப்போது அவர் உத்தரப் பிரதேச அரசின் நைனிதால் வான் ஆய்வகத்தை உருவாக்கி வந்தார்.

1960-இல் கொடைக்கானல் வான் ஆய்வகத்தின் இயக்குநரான வைணு பாப்பு, சவ்வாது மலைத்தொடரில் உள்ள காவலூரில் புதிய ஆய்வகம் ஒன்றை நிறுவினார். 1960-களின் இறுதியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்குப் பணி தொடங்கியது. சந்திராவின் தொலைநோக்கியும் காவலூரை வந்தடைந்தது. 1986-இல் அங்கு 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டபோது அதற்கும் ஆய்வகத்திற்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து ஜெசூருக்கும், அங்கிருந்து பாராசாத்துக்கும், பின்னர் நைனிதாலுக்கும் சென்ற அச்சிறு தொலைநோக்கியின் பயணம் இவ்வாறு தமிழ்நாட்டில் வந்து முடிந்தது.